அயர்லாந்தின் உற்பத்திக் கணக்கும் ஆள் கணக்கும்

(ஐரோப்பியப் பொருளாதார வரலாற்றுக் கருத்தரங்கின் தலைமை உரை)

அயர்லாந்துத் தீவின் மக்கள்தொகை 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 81 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தெற்கிலுள்ள குடியரசில் 51 லட்சம் பேர். அதற்கு முந்தைய ஆண்டில் பிரிட்டனோடு இணைந்துள்ள வட அயர்லாந்தில் 19 லட்சம் பேர். இரண்டையும் கூட்டினாலும் 180 ஆண்டுகளுக்கு முந்தைய எண்ணிக்கை வரவில்லை. உற்பத்திக் கணக்கு வேறு கதை சொல்கிறது. மேற்கு ஐரோப்பாவின் ஏழை நாடுகளில் ஒன்றாக நெடுங்காலம் எண்ணப்பட்ட அந்தக் குடியரசின் தலைக்கு உற்பத்தி, இன்று ஐரோப்பிய ஒன்றியச் சராசரியைப்போல் இரு மடங்குக்கும் மேல். தரவரிசையில் லக்சம்பர்க்கோடு போட்டியிடும் இடத்தில் அது இருக்கிறது.

அயர்லாந்தின் பொருளாதார வரலாற்றை இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துத்தான் படிக்க வேண்டும். தலைக்கு வருமானம் ஏறியபோதே மக்கள் கப்பலேறிய காலம் ஒன்று உண்டு; உற்பத்தியும் தேங்கி, மக்களும் வெளியேறிய காலம் ஒன்று; இரண்டும் சேர்ந்து உயர்ந்த காலம் ஒன்று; நாட்டுக்குள் அதற்கேற்ற அசைவு எதுவும் இல்லாமல் உற்பத்தி எண் மட்டும் ஒரே ஆண்டில் கால் பங்கு தாவிய காலமும் உண்டு. இந்நான்கையும் வரிசையாகப் பார்க்கும்போது, உற்பத்தி எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது விளங்கும்.

முதலில் சான்றுகளின் நிலை. அயர்லாந்து அரசின் முதல் அதிகாரபூர்வ தேசிய வருமான மதிப்பீடு 1946இல் வெளிவந்தது. 1938 முதல் 1944 வரையிலான ஆண்டுகளை அது உள்ளடக்கியது. அதற்கு முந்தைய காலத்துக்கு, கூலிப் பதிவுகள், துறைமுகக் கணக்குகள், வேளாண் புள்ளிவிவரங்கள், 1926ஆம் ஆண்டுத் தொழில் உற்பத்திக் கணக்கெடுப்பு முதலியவற்றிலிருந்து ஆய்வாளர்கள் பின்னோக்கிக் கட்டியெழுப்பிய மதிப்பீடுகளே உள்ளன. மத்தியப் புள்ளியியல் அலுவலகம் 1949இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ராய் கியரி. பல நாடுகளின் உற்பத்தியை வாங்கும் சக்தியின் அடிப்படையில் ஒப்பிடுவதற்கு இன்றும் வழங்கும் கியரி–காமிஸ் முறையில் உள்ள கியரி இவர்தான். நாடுகளை ஒப்பிட உலகுக்கு ஒரு முறையைத் தந்த அறிஞரின் நாடே, பின்னாளில் ஒப்பீட்டுப் பட்டியல்களில் அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டிய நாடாயிற்று.

முதற்கட்டம் 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியதிலிருந்து தொடங்குகிறது. அடுத்த சில ஆண்டுகளில் பஞ்சத்தாலும் கொள்ளை நோயாலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தனர். இன்னொரு 10 லட்சம் பேர் பிரிட்டனுக்கும் வட அமெரிக்காவுக்கும் சென்றனர். பஞ்சம் ஓய்ந்த பிறகும் வெளியேற்றம் ஓயவில்லை. 1911இல் தீவின் மக்கள்தொகை 44 லட்சமாகச் சுருங்கியிருந்தது. இதே காலத்தில் எஞ்சியிருந்தோரின் உண்மைக் கூலி உயர்ந்தது. பிரிட்டிஷ் கூலிக்கும் ஐரிஷ் கூலிக்கும் இருந்த இடைவெளி குறைந்தது. நிலத்துக்கும் ஆளுக்கும் இருந்த விகிதம் மாறியதும், உழவிலிருந்து ஆள் குறைவாகத் தேவைப்படும் கால்நடை வளர்ப்புக்குப் பண்ணைகள் மாறியதும் இதற்குக் காரணங்கள். தலைக்கு வருமானம் என்பது ஒரு வகுத்தல். மேலெண் பெரிதாக வளராதபோதும் கீழெண் சுருங்கினால் விடை உயரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அயர்லாந்து கண்ட உயர்வின் கணிசமான பகுதி இவ்வகையைச் சேர்ந்தது.

1922இல் அமைந்த ஐரிஷ் சுதந்திர அரசு, தீவின் 26 மாவட்டங்களைக் கொண்டது. கப்பல் கட்டுதல், லினன் நெசவு ஆகிய பெருந்தொழில்கள் குவிந்திருந்த பெல்ஃபாஸ்ட் வட்டாரம் எல்லைக்கு அப்பால் நின்றது. 1926ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி புதிய நாட்டின் உழைப்பாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேளாண்மையில் இருந்தனர். ஏற்றுமதி ஏறத்தாழ முழுவதும் பிரிட்டனுக்கே சென்றது. முதல் பத்தாண்டு அரசு வரவுக்குள் செலவை அடக்கி, தடையற்ற வணிகத்தைத் தொடர்ந்தது. அந்தச் சிக்கனத்துக்கு ஒரு பெரிய விலக்கு ஷானன் ஆற்றில் எழுந்தது. 1925இல் தொடங்கி 1929இல் இயங்கத் தொடங்கிய ஆர்ட்னகிரஷா நீர்மின் நிலையத்தை ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் கட்டியது. மதிப்பீட்டுச் செலவு சுமார் 50 லட்சம் பவுண்டு. அக்கால அரசின் ஆண்டு வரவு செலவில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மின்சாரத்தை நாடு முழுவதும் கொண்டுசெல்ல 1927இல் மின்வழங்கு வாரியம் ஒன்று பொதுத்துறையில் நிறுவப்பட்டது. மின்சாரம் வந்தும் அதை வாங்கும் ஆலைகள் பெருகச் சில பத்தாண்டுகள் ஆயின.

1932இல் ஆட்சிக்கு வந்த ஏமன் டி வலேரா, நிலம் வாங்கிய குடியானவர்கள் பிரிட்டிஷ் கருவூலத்துக்குக் கட்டவேண்டிய நிலத் தவணைகளை அனுப்ப மறுத்தார். பிரிட்டன் ஐரிஷ் கால்நடைகள்மீது தீர்வை விதித்தது. அயர்லாந்து பிரிட்டிஷ் சரக்குகள்மீது பதில் தீர்வை போட்டது. பொருளாதாரப் போர் என்று பெயர்பெற்ற இந்த இழுபறி 1938 வரை நீடித்தது. 1 கோடி பவுண்டை ஒரே தவணையாகச் செலுத்தி அயர்லாந்து கணக்கைத் தீர்த்தது. இதனூடே காப்பு வரிச் சுவருக்குள் உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் கொள்கை வேரூன்றியது. தொழிற்சாலைகளின் உடைமை ஐரிஷ் கைகளில் இருக்க வேண்டுமென 1932, 1934ஆம் ஆண்டுச் சட்டங்கள் கோரின. காலணி, துணி, சர்க்கரை, சிமென்ட் ஆகியவற்றில் ஆலைகள் எழுந்தன. ஆலைத் தொழிலாளர் எண்ணிக்கையும் கூடியது. ஆனால் சந்தை சிறியது. முப்பது லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கென அமைந்த ஆலைகள் உள்நாட்டுத் தேவை நிரம்பியதும் நின்றுவிட்டன. வெளிச்சந்தையில் விற்கும் விலைக்கு அவற்றால் சரக்கு செய்ய இயலவில்லை.

இக்கொள்கையின் எல்லை 1950களில் தெரிந்தது. மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் ஆகியவை போருக்குப் பிந்தைய பெருவளர்ச்சியில் இருந்த பத்தாண்டு அது. அயர்லாந்து அவற்றுக்கு வெகுவாகப் பின்தங்கியது. அப்பத்தாண்டில் நிகர வெளியேற்றம் மட்டும் சுமார் 4 லட்சம். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டிய 28 லட்சமே குடியரசின் வரலாற்றில் மிகக் குறைந்த மக்கள்தொகை. பஞ்சத்துக்குப் பிந்தைய காலத்தில் வெளியேற்றத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் விளைவு என்று சொல்ல முடிந்தது. சுதந்திரம் பெற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இளைஞர்கள் லிவர்பூலுக்கும் லண்டனுக்கும் போய்க்கொண்டிருந்தபோது அந்த விளக்கம் செல்லுபடியாகவில்லை.

திருப்பம் நிதித்துறைக்குள்ளிருந்து வந்தது. 1956இல் 39 வயதில் நிதித்துறைச் செயலரான டி.கே. விட்டேக்கர், 1958இல் ‘பொருளாதார வளர்ச்சி’ என்னும் அறிக்கையை முன்வைத்தார். காப்பு வரியைப் படிப்படியாகக் குறைத்தல், ஏற்றுமதியை ஊக்குவித்தல், வெளிநாட்டு முதலீட்டை வரவேற்றல், அரசின் மூலதனச் செலவை உற்பத்தி தரும் துறைகளுக்குத் திருப்புதல் ஆகியவை அதன் சாரம். அதையொட்டி வந்த முதல் பொருளாதார விரிவாக்கத் திட்டம் ஆண்டுக்கு 2 சதவீத வளர்ச்சியைக் குறியாக வைத்தது. கிடைத்தது ஏறக்குறைய 4 சதவீதம். காப்பு வரிச் சுவரை எழுப்பிய அமைச்சர்களில் முதன்மையானவரான ஷான் லெமாஸ்தான் 1959இல் பிரதமராகி அச்சுவரை இறக்கும் பணியையும் ஏற்றார். ஏற்றுமதி லாபத்துக்கு வரிச் சலுகை 1956இலேயே வந்திருந்தது. ஷானன் விமான நிலையத்தை ஒட்டித் தீர்வையற்ற தொழில் வட்டாரம் 1959இல் அமைந்தது. பிரிட்டனுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1965இல் கையெழுத்தானது. கட்டணமில்லா இடைநிலைக் கல்வி 1967இல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய நடவடிக்கைகளின் பலன் சில ஆண்டுகளில் தெரிந்தது. கல்வியின் பலன் தெரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1973இல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. பொது வேளாண் கொள்கை விவசாயிகளுக்கு நல்ல விலை தந்தது. பிரிட்டிஷ் சந்தையைச் சார்ந்திருத்தல் குறையத் தொடங்கியது. அதே ஆண்டில், அரசுப் பணியிலிருந்த பெண்கள் திருமணமானதும் வேலையை விடவேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. உழைப்பாளர் படையில் பெண்களின் பங்கு பின்னர் பெருகியதற்கு இதுவும் ஒரு வாசல். ஆனால் இரண்டு எண்ணெய் நெருக்கடிகளும், கடன் வாங்கிச் செலவழித்த 1970களின் பிற்பகுதிக் கொள்கையும் சேர்ந்து அரசைக் கடனில் ஆழ்த்தின. 1980களின் நடுவில் அரசுக் கடன் ஆண்டுத் தேசிய உற்பத்தியை விஞ்சியது. வேலையின்மை 17 சதவீதத்தைத் தொட்டது. மக்கள் மீண்டும் வெளியேறினர். 1989ஆம் ஆண்டில் மட்டும் நிகர வெளியேற்றம் 40,000க்கு மேல். இலவச இடைநிலைக் கல்வியின் முதல் பெரிய அறுவடையில் ஒரு பகுதி வெளிநாடுகளுக்குப் போயிற்று.

1987இல் அரசு, தொழிற்சங்கங்கள், முதலாளிகள் சங்கங்கள் ஆகியவை தேசிய மீட்புத் திட்டம் என்ற பெயரில் மூன்றாண்டுக் கூலி உடன்பாட்டுக்கு வந்தன. கூலி உயர்வை மட்டுப்படுத்த தொழிற்சங்கங்கள் இசைந்தன. ஈடாக வருமான வரிக் குறைப்பு வந்தது. அரசுச் செலவு கடுமையாக வெட்டப்பட்டது. முதன்மை எதிர்க்கட்சியும் அதை ஆதரித்தது. ஐரோப்பியக் கட்டமைப்பு நிதி சாலைகளுக்கும் பயிற்சிக்கும் வந்துசேர்ந்தது. ஐரோப்பிய ஒரே சந்தை உருவாகவிருந்த வேளையில், அதற்குள் ஒரு தளம் தேடிய அமெரிக்க நிறுவனங்களுக்கு ஆங்கிலம் பேசும் படித்த இளைஞர்களும், ஆலைத்துறைக்கு 10 சதவீத வரியும் ஒரே இடத்தில் கிடைத்தன. தொழில் வளர்ச்சி ஆணையம் நிறுவனங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று அழைத்தது. கார்க் நகரில் ஆப்பிள் 1980இலேயே வந்திருந்தது. 1989இல் இன்டெல் லெய்க்ஸ்லிப்பைத் தேர்ந்தது. 1990களின் பிற்பாதியில் வளர்ச்சி ஆண்டுக்குச் சராசரி 9 சதவீதத்தை ஒட்டியது. ‘கெல்டிக் புலி’ என்ற பெயர் 1994இல் ஒரு முதலீட்டு வங்கியின் ஆய்வறிக்கையில் பிறந்தது.

இவ்வளர்ச்சி மெய்யானது என்பதற்கு ஆள் கணக்கே வலுவான சான்று. வேலையில் இருந்தோர் 1987இல் சுமார் 11 லட்சம். 2007இல் 21 லட்சம். வெளியேறியவர்கள் திரும்பினர், 2004க்குப் பின் போலந்திலிருந்தும் பால்டிக் நாடுகளிலிருந்தும் புதியவர்கள் வந்தனர். இத்திடீர் எழுச்சியின் காரணம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜே.ஜே. லீ 1989இல் வெளியிட்ட பெருநூல், அதுவரையிலான தோல்விக்கு நிறுவனங்களையும் தலைமையின் சிந்தனைக் குறையையும் காரணம் காட்டியது. பாட்ரிக் ஹோனஹனும் பிரெண்டன் வால்ஷும் 2002இல், இது அதிசயமன்று, தாமதமாக நிகழ்ந்த எட்டிப்பிடித்தல் என்றனர். கார்மக் ஓ கிராடா, கெவின் ஓ’ரூர்க் இருவரும் ஒரு நூற்றாண்டைச் சேர்த்து நோக்கி, தொடக்க வருமானம் ஒத்த ஐரோப்பிய நாடுகளோடு ஒப்பிட்டால் மொத்தப் பயணம் எதிர்பார்க்கத்தக்கதே என்று காட்டினர். 1987 வரை பின்தங்கல், பின்னர் அதை ஈடுகட்டிய வேகம் என்பது அவர்கள் கணிப்பு.

2000க்குப் பின் வளர்ச்சியின் எஞ்சின் மாறியது. யூரோ வந்ததும் வட்டி குறைந்தது. வங்கிகள் வெளிநாட்டில் கடன் வாங்கி வீட்டுக் கட்டுமானத்துக்குக் கொடுத்தன. 2006இல் ஏறக்குறைய 90,000 வீடுகள் கட்டப்பட்டன. உச்சத்தில் வேலைபார்த்தோரில் எட்டில் ஒருவர் கட்டுமானத்தில் இருந்தார். 2008 செப்டம்பரில், சுமார் 44,000 கோடி யூரோ வங்கிக் கடன்களுக்கும் வைப்புகளுக்கும் அரசு உத்தரவாதம் தந்தது. வங்கிகளைத் தூக்கி நிறுத்த ஆன செலவு சுமார் 6,400 கோடி யூரோ. இதனால் 2010ஆம் ஆண்டின் நிதிப் பற்றாக்குறை உற்பத்தியில் சுமார் 32 சதவீதமாக எகிறியது. அவ்வாண்டு நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் பன்னாட்டு நாணய நிதியமும் பங்கேற்ற 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டம் வந்தது. அதில் 1,750 கோடி அயர்லாந்தின் சொந்த இருப்பு. வேலையின்மை 15 சதவீதத்தை எட்டியது. வீட்டு விலை உச்சத்திலிருந்து பாதியாக விழுந்தது. 2013 டிசம்பரில் நாடு திட்டத்திலிருந்து வெளிவந்தது. இக்காலத்திலும் உற்பத்திச் சரிவும் மக்கள் வெளியேற்றமும் ஒன்றையொன்று உறுதிசெய்தன.

அந்த ஒற்றுமை 2015இல் அறுந்தது. அவ்வாண்டின் வளர்ச்சி 26.3 சதவீதம் என்று 2016 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. பொருளாதார அறிஞர் பால் க்ருக்மன், ஐரிஷ் நாட்டார் கதைகளில் பொற்குடம் ஒளித்துவைக்கும் குள்ளர்களின் பெயரால் இதை ‘லெப்ரகான் பொருளாதாரம்’ என்று கேலி செய்தார். புள்ளியியல் அலுவலகம் தவறு செய்யவில்லை. பன்னாட்டு விதிகளின்படியே கணக்கிட்டிருந்தது. சில பெருநிறுவனங்கள் தம் காப்புரிமைகளையும் பிற அறிவுசார் சொத்துகளையும் அயர்லாந்திலுள்ள கிளைகளின் பெயருக்கு மாற்றியிருந்தன. நாட்டின் மூலதனக் கையிருப்பு ஒரே ஆண்டில் சுமார் 30,000 கோடி யூரோ பெருகியது.

இது நடக்கும் விதத்தை ஒரு கற்பனைக் கணக்கில் காணலாம். ஒரு கைப்பேசியின் வடிவமைப்புரிமையும் அதன் பாகங்களும் டப்ளின் கிளைக்குச் சொந்தம். கைப்பேசி சீனாவில் ஒப்பந்த ஆலையில் பூட்டப்பட்டு ஜெர்மனியில் 600 யூரோவுக்கு விற்கப்படுகிறது. சரக்கு ஐரிஷ் துறைமுகத்தைத் தொடுவதே இல்லை. ஆயினும் உடைமை மாறிய இடம் கருதி அது அயர்லாந்தின் ஏற்றுமதி. பாகங்களுக்கும் பூட்டும் கூலிக்கும் 350 யூரோ கழிந்தால், மீதி 250 யூரோ அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் (ஜிடிபி) சேரும். இதில் காப்புரிமையின் தேய்மானம் 150 என்று எழுதப்பட்டால், லாபம் 100. அந்த லாபம் வெளிநாட்டு உரிமையாளருக்கு உரியது என்பதால் மொத்த தேசிய வருமானத்தைக் காணும்போது அது கழிக்கப்படும். தேய்மானமான 150 கழிபடாமல் நிற்கும். வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அயர்லாந்தில் வாழும் ஒருவர் கைக்கும் அந்தத் தொகை வரவில்லை. ஆகவே ஜிடிபி மட்டுமன்றி, அதற்குத் திருத்தமாகப் பல காலம் பயன்பட்ட தேசிய வருமானமும் ஊதிப்போயிற்று.

அப்போதைய மத்திய வங்கி ஆளுநர் பிலிப் லேன் தலைமையிலான குழு இதற்குத் தீர்வு கண்டது. அதன் பரிந்துரையால் 2017 முதல் ‘திருத்திய மொத்த தேசிய வருமானம்’ வெளியாகிறது. இடம் மாறி வந்த அறிவுசார் சொத்துகளின் தேய்மானம், குத்தகைக்கு விடப்படும் விமானங்களின் தேய்மானம், தலைமையகத்தை மட்டும் அயர்லாந்துக்கு மாற்றிய நிறுவனங்களின் வருமானம் ஆகிய மூன்றும் இதில் கழிக்கப்படுகின்றன. விமானக் குத்தகை 1975இல் ஷானனில் தொடங்கிய தொழில்; உலகெங்கும் பறக்கும் விமானங்கள் பல ஐரிஷ் நிறுவனக் கணக்கேடுகளில் உள்ளன. 2023ஆம் ஆண்டுக்கு முதலில் வெளியான கணக்கின்படி ஜிடிபி சுமார் 51,000 கோடி யூரோ. திருத்திய அளவு சுமார் 29,000 கோடி. அவ்வாண்டு ஜிடிபி சுருங்கியது. வேலையில் இருந்தோரோ 27 லட்சமாக உயர்ந்தனர். 2020இல் இதற்கு நேர்மாறு: பெருந்தொற்றில் உள்நாட்டுத் தேவை வீழ்ந்தபோதும் மருந்து, கணினி ஏற்றுமதியால் ஜிடிபி வளர்ந்தது.

கணக்கில் மட்டும் உள்ள உற்பத்தி என்று இதை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. அதன்மீது வசூலாகும் வரி உண்மையான பணம். நிறுவன வரி வருவாய் 2014இல் சுமார் 460 கோடி யூரோ; 2023இல் சுமார் 2,380 கோடி. இதில் பாதிக்கு மேல் பத்தே நிறுவனக் குழுமங்களிடமிருந்து வருகிறது. 2003 முதல் 12.5 சதவீதமாக இருந்த வரி, பன்னாட்டு உடன்பாட்டின்படி 2024 முதல் பெருங்குழுமங்களுக்குக் குறைந்தது 15 சதவீதமாயிற்று. இவ்வருவாய் நிலையற்றது என்பதை உணர்ந்து அதில் ஒரு பகுதியை எதிர்காலத்துக்கெனத் தனி நிதியில் சேமிக்கும் சட்டம் 2024இல் வந்தது. இன்னொரு பக்கம், குடும்பங்கள் உண்மையில் நுகரும் பொருள்கள், சேவைகளின் தலைக்கு அளவு ஒன்றியச் சராசரியை ஒட்டியே நிற்கிறது. அயர்லாந்து ஏழ்மையிலிருந்து மீண்டது மெய். ஜிடிபி காட்டும் உயரத்தில் அதன் குடும்பங்கள் வாழவில்லை என்பதும் மெய்.

அயர்லாந்தைப் பிற ஐரோப்பிய நாடுகளோடு ஒப்பிடும் ஆய்வுகளுக்கு இதிலிருந்து மூன்று நெறிகள் கிடைக்கின்றன. ஒன்று, 1980களுக்கு முன் ஜிடிபிக்கும் தேசிய வருமானத்துக்கும் வேறுபாடு சிறிது. எதைக் கொண்டாலும் முடிவு பெரிதும் மாறாது. 1990கள் முதல் இடைவெளி விரிகிறது. 2000 வாக்கில் தேசிய வருமானம் ஜிடிபியைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. 2015க்குப் பின் திருத்திய அளவே பொருந்தும். நூறாண்டுத் தொடரை ஒரே அளவையால் வரைந்தால் கடைசிப் பகுதி வரலாற்றைத் திரித்துக் காட்டும். இரண்டு, கடன் விகிதம், வரிச்சுமை, ஆய்வுச் செலவு என ஜிடிபியைக் கீழெண்ணாகக் கொண்ட ஒவ்வொரு விகிதமும் இதே குறைக்கு ஆளாகும். ஜிடிபியால் வகுத்தால் மிதமாகத் தோன்றும் அயர்லாந்தின் கடன், திருத்திய அளவால் வகுத்தால் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும். மூன்று, எந்தக் காலத்துக்கும் உற்பத்தித் தொடரோடு குடிபெயர்வு, வேலைவாய்ப்பு, நுகர்வு ஆகிய மூன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். காப்புரிமை ஒரு கையெழுத்தில் நாடு மாறும். மக்கள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. எனவே 1850களின் கூலி உயர்வையும், 1950களின் தேக்கத்தையும், 1990களின் எழுச்சியையும், 2015இன் தாவலையும் வேறுபடுத்தி அறிய ஆள் கணக்கே உரைகல்லாகிறது.